ஒட்டுத் தெரியாமல்

வீடு, ஃபிளாட் விற்கும் இணையதளங்களில் இப்போது சாதாரணப் படங்களோடு 'சுற்றிப் பார்க்கும்' படம் ஒன்றும் போடுகிறார்கள். விரலால் இழுத்தால் அறை சுழல்கிறது. கூடத்தின் நடுவில் நின்று தலையைத் திருப்பினால் எப்படி இருக்குமோ அப்படி. தரையில் தெரியும் வட்டத்தைத் தொட்டால் சமையலறைக்குள் போய்விடலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் இதைப் பார்த்துவிட்டே அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறார்கள்.

இது ஒரே படம் இல்லை. நாலோ, ஆறோ, இருபதோ படங்களை ஒன்றோடொன்று ஒட்டியது. இந்த ஒட்டு வேலைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் படித்தபோது இரண்டு விஷயங்கள் மனதில் தங்கின. ஒன்று, ஆரம்பம் முதலே இதன் பின்னால் இடத்தைக் காட்ட வேண்டியவர்கள், இடத்தை விற்க வேண்டியவர்கள் நின்றிருக்கிறார்கள். இரண்டு, ஏறக்குறைய 150 வருஷம் அந்த ஒட்டு கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. தெரியாமல் போனது நேற்று மாதிரி. அதில் வாங்குகிறவனுக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

'பனோரமா' என்ற சொல்லே டிக்கெட் விற்கப் பிறந்த சொல். அயர்லாந்தில் பிறந்து எடின்பரோவில் வாழ்ந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், 1787இல் ஒரு காப்புரிமை வாங்கினார். வட்டமான கட்டடத்தின் உட்சுவர் முழுக்க ஒரே காட்சியை வரைவது, நடுவில் மேடை போட்டு அதில் பார்வையாளரை நிறுத்துவது, இதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. 1793இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே கட்டிய கட்டடம் திறக்கப்பட்டது. கிரேக்க மொழியில் 'எல்லாம்', 'காட்சி' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். சொல்லே ஒட்டுப் போட்டதுதான்! 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டார் அல்லவா, மறு வருஷமே ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் அந்தக் கோட்டைச் சண்டையைச் சுமார் 120 அடி நீளத்துக்கு அரை வட்டமாக வரைந்து லண்டனில் காட்டினார். கூட்டம் அலைமோதியது.

1839இல் புகைப்படக் கலை வந்தது. லென்ஸ் பார்க்கும் அகலம் குறைவு. ஊரைக் காட்ட ஒரு தகடு போதவில்லை. எனவே கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பல தகடுகள் எடுத்து வரிசையாக வைத்தார்கள். இதில் பேர்போனது அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துப் படம். 1848 செப்டம்பரில் ஃபாண்டெய்ன், போர்ட்டர் என்ற இருவர் ஓஹையோ நதியின் எதிர்க்கரையில் நின்று, சுமார் இரண்டு மைல் நீளத்துக்கு ஊரின் முகத்தை எட்டு வெள்ளித் தகடுகளில் எடுத்தார்கள். எட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. இடையில் சட்டத்தின் கட்டைகள். கண்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் காலத்தில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தால், கோபுரக் கடிகாரத்தின் முள் முதற்கொண்டு தெரிகிறதாம்.

பத்து வருஷம் கழித்து நம் தஞ்சாவூரில் நடந்தது இதைவிட எனக்குப் பிடித்தது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டன் அப்போது சென்னை அரசின் புகைப்படக்காரர். 1858இல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றியவர் பெரிய கோயிலுக்கும் வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுக்க நினைத்தார். தூரத்தில் நின்றால் எழுத்துத் தெரியாது. கிட்டே போனால் நாலு முழம் சுவர்தான் அகப்படும். அவர் என்ன செய்தார் என்றால், சுவரோரமாகக் கேமராவைத் தள்ளித் தள்ளி வைத்து எடுத்துக்கொண்டே போனார். மொத்தம் 21 படங்கள். அவற்றை வரிசையாக ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, தலையை மட்டும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரின் மேல் விரல் நகர்வதுபோல் தெரியும். தலை கழுத்தில் சுழல்கிறது, கண் அதற்கு முன்னால் இருக்கிறது, ஆகவே கண் இடம் மாறிவிடுகிறது. கேமராவும் அப்படித்தான். இடம் மாறினால் கிட்டே இருக்கும் பொருள் ஒரு அளவிலும் தூரத்தில் இருக்கும் பொருள் வேறு அளவிலும் நகரும். அப்புறம் இரண்டு படமும் ஒட்டாது. முன்னால் இருக்கும் தூண் பொருந்தினால் பின்னால் இருக்கும் கதவு பொருந்தாது.

தப்பிக்க இரண்டே வழி. லென்ஸுக்குள் ஒளி நுழையும் புள்ளியை அச்சாக வைத்துக் கேமராவைச் சுழற்ற வேண்டும். அல்லது எடுக்கப்படும் பொருள் தட்டையாக இருக்க வேண்டும். தட்டையான சுவருக்கு முன்பின் என்பதே கிடையாது, கேமராவைத் தள்ளிக்கொண்டே போகலாம். ட்ரைப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. ஊரைச் சுழன்று எடுத்தவர்களுக்கு வேறு அதிர்ஷ்டம்: எல்லாமே தூரத்தில் இருந்ததால் அச்சு ஒரு சாண் தவறினாலும் வித்தியாசம் தெரியாது. பத்தடி அறைக்குள் அந்தச் சலுகை இல்லை. வீட்டு உள்புறம் எடுப்பவர்கள் இன்றுவரை படும் பாடு இதுதான். சோபாவின் கைப்பிடி இரண்டாக உடைந்து நிற்கும்.

அந்தத் தஞ்சைக் கல்வெட்டுகளில் என்ன இருக்கிறது என்பது இன்னும் சுவாரசியம். ராஜராஜன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக் கணக்கும் அவற்றில் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் மொத்த நிலம் இவ்வளவு என்று சொல்லி, அதில் ஊர் நத்தம், கோயில்கள், குளம், குறுக்கே ஓடும் வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்து, வரி தரும் நிலம் எவ்வளவு என்று வேலி, மா, காணி, முந்திரிகை, அதற்கும் கீழே உள்ள பின்னங்கள் வரை இறங்கி எழுதியிருக்கிறார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் சூப்பர் பில்ட் அப் ஏரியா வேறு, கார்ப்பெட் ஏரியா வேறு என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டிய கணக்கு. ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இவற்றைப் படித்து 1891 முதல் அச்சில் கொண்டுவந்தார். ட்ரைப்புக்கு இத்தனையும் தெரிந்திருக்க நியாயமில்லை. 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இந்தப் புகைப்பட வேலை வீண் ஆடம்பரம் என்று இழுத்து மூடிவிட்டார். செலவைக் குறைப்பதில் அரசாங்கத்துக்கு முதலில் கண்ணில் படுவது எப்போதும் இந்த மாதிரி வேலைதான்.

இனி ஆஸ்திரேலியா. இடத்தை விற்பதற்காகவே எடுத்த ஒட்டுப் படம் என்றால் சிட்னிப் படத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பிறந்தவர். 1858இல் இருபது வயதில் சிட்னிக்கு வந்து இறங்கினார். பல வேலை பார்த்து, கடைசியில் ஹில் எண்ட் என்ற இடத்தில் தங்கச் சுரங்கத்தில் பங்குதாரர் ஆனார். 1872 அக்டோபரில் அந்தச் சுரங்கத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 286 கிலோ எடையுள்ள ஒரு பாளம் வெளியே வந்தது. தங்கமும் கல்லும் கலந்த பாளம். அதன் பக்கத்தில் கை வைத்து நிற்பதுபோல் ஒரு படம் செய்துகொண்டார். கையில் பணம் வந்ததும் சிட்னி துறைமுகத்தின் வடகரையில் மேட்டின் மேல் ஒரு மாளிகை கட்டினார், கோபுரத்தோடு. ஜன்னல் வண்ணக் கண்ணாடியில் அந்தப் பாளத்தோடு தன் உருவத்தையும் வைத்தார். புதுப் பணக்காரர் அப்படித்தான் இருப்பார், போகட்டும்.

ஆனால் இந்த மனிதருக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. ஆஸ்திரேலியா என்றால் கைதிகளை அனுப்பிய காடு என்று ஐரோப்பாவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே கல் கட்டடமும் கப்பல்துறையும் தெருவும் இருக்கின்றன, வாருங்கள், குடியேறுங்கள் என்று காட்ட வேண்டும் என்பது. அதற்காக சார்லஸ் பேலிஸ் என்ற இளம் புகைப்படக்காரரை வைத்துக்கொண்டு 1875இல் தன் வீட்டுக் கோபுரத்தையே கேமரா வைக்கும் இடமாக்கினார்.

அந்தக் காலத்து முறையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றிச் சீராகப் பரப்ப வேண்டும். உடனே வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படமெடுத்து, அந்த ஈரத்தோடேயே இருட்டறைக்கு எடுத்துப் போய்க் கழுவ வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள். அத்தனையும் ஒரு தகட்டுக்கு. சிட்னியைச் சுற்றி வர 23 தகடுகள். அவற்றின் பிரதிகளைத் துணி மேல் வரிசையாக ஒட்டியபோது சுமார் 10 மீட்டர் நீளம் வந்தது. இது போதாதென்று, ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமான ராட்சதத் தகடுகளிலும் எடுத்துப் பார்த்தார்கள். அந்த நூற்றாண்டில் அதைவிடப் பெரிய ஈரத் தகட்டு நெகட்டிவ் கிடையாது என்கிறார்கள்.

1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அந்தப் பத்து மீட்டர் படத்துக்கு வெண்கலப் பதக்கம். 1878இல் பாரிஸில் வெள்ளிப் பதக்கம். ஹோல்டர்மன் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அமெரிக்கா, ஐரோப்பா என்று போய்க் காட்டினார். பிறகு 1882இல் தன் வடகரைத் தொகுதியிலிருந்தே சட்டமன்றத்துக்குப் போனார். 1885இல், 47 வயது பூர்த்தியான பிறந்தநாள் அன்றே, இறந்துபோனார். சிட்னியின் இரு கரையையும் இணைக்கும் பெரிய பாலம் வந்தது 1932இல்தான்.

அவர் சேர்த்துவைத்த நெகட்டிவ்கள் எங்கே போயின என்று வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. 1951இல் சிட்னி புறநகர் ஒன்றில் குடும்பத்தாரின் தோட்டத்துக் கொட்டகையில் அடுக்கிவைத்திருந்தது தெரியவந்தது. சுமார் 3,500 கண்ணாடித் தகடுகள்! இப்போது நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இணையத்தில் அந்தப் பத்து மீட்டர் படத்தைப் பார்க்கலாம். ஒட்டிய இடம் ஒவ்வொன்றும் தெரிகிறது. இந்தத் தகட்டில் வானம் கொஞ்சம் வெளுப்பு, அடுத்ததில் கொஞ்சம் கருப்பு. அது விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் இது இத்தனை துண்டுகளால் ஆனது, இந்த இடத்தில் இருந்து எடுத்தது, இடையில் நேரம் ஓடியிருக்கிறது என்று அந்த விளம்பரமே ஒப்புக்கொள்கிறது.

சான் ஃபிரான்சிஸ்கோவிலும் அதே கதை. ஓடும் குதிரையைப் படம்பிடித்துப் பேர் வாங்கிய மைப்ரிட்ஜ், நாப் ஹில் மேட்டில் கட்டிக்கொண்டிருந்த ரயில்வே முதலாளி மார்க் ஹாப்கின்ஸின் மாளிகையில் ஏறி நின்று, 1877இல் 11 தகடுகளிலும், மறு வருஷம் 13 பெரிய தகடுகளிலும் ஊரை முழு வட்டமாக எடுத்தார். இரண்டாவது படம் 17 அடி நீளம். அதில் ஒரு தகட்டை மட்டும் வேறு நேரத்தில் எடுத்திருக்கிறார். கூர்ந்து பார்த்தால் நிழல்கள் வரிசைக்குப் பொருந்தாமல் விழுகின்றன. ஒட்டு இருப்பதால் கண்டுபிடிக்க முடிகிறது. 1906 பூகம்பமும் தீயும் அந்த மாளிகையையும் படத்தில் தெரியும் ஊரில் பெரும்பகுதியையும் கொண்டுபோய்விட்டன. அந்த ஊர் எப்படி இருந்தது என்று காட்ட இப்படிப்பட்ட படங்கள்தான் மிச்சம்.

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கேமராவே சுழன்று, உள்ளே ஃபிலிமும் கூடவே நகரும் கருவிகள் வந்தன. சர்க்கட் என்று ஒன்று, 1904இல் காப்புரிமை பெற்றது. ஒட்டே இல்லாமல் நீளப் படம். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் ஒரு பையன் இடது ஓரத்தில் நின்றுவிட்டு, கேமரா திரும்புவதற்குள் பின்பக்கமாக ஓடி வலது ஓரத்திலும் நிற்பான், அந்தக் குறும்பு இந்தக் கேமராவில் பிறந்தது. ஆனால் கருவி விலை அதிகம். சாதாரணமானவர்கள் கத்தரிக்கோலும் கோந்தும்தான்.

நான் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்த வருஷங்களில் அந்தக் கோந்துப் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டுப் பொறியாளர் அறிக்கையோடு கட்டடத்தின் முகப்புப் படம் வைக்க வேண்டும். தெருவோ பன்னிரண்டு அடி. எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் முழுக் கட்டடமும் ஃபிரேமுக்குள் வராது. இடது பாதி, நடு, வலது பாதி என்று மூன்று எடுத்து, நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டிக்கொண்டு வருவார். மின்கம்பம் இரண்டு இருக்கும், பால்கனி ஒரு படி இறங்கி இருக்கும். எங்கள் மேலாளர் ஒருவர் அறிக்கையைப் படிக்கும் முன்னால் அந்த ஒட்டைத்தான் பார்ப்பார். "ரெண்டு போஸ்ட் இருக்கே, ஒண்ணு நம்ம வீட்டுது, இன்னொண்ணு யாருது?" என்று கேட்பார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு முகப்பையும் சேர்த்து ஒட்டி, கட்டடத்தை அகலமாகக் காட்டுவதும் நடந்திருக்கிறது. ஒட்டிய இடத்தில் சன்ஷேடு எண்ணிக்கையைச் சரிபார்த்தால் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் வந்து கோந்து போனது. 1995இல் ஆப்பிள் நிறுவனம் குவிக்டைம் விஆர் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஷென்சாங் எரிக் சென் என்பவர் அதை விளக்கி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பிரசித்தம். முக்காலியில் கேமராவைச் சுழற்றி எடுத்த படங்களை ஓர் உருளையின் உட்புறம் ஒட்டியதாக வைத்துக்கொண்டு, திரையில் அதைச் சுழற்றலாம். பார்க்கரின் வட்டக் கட்டடம் மேஜை மேல் வந்துவிட்டது.

வீட்டுத் தரகு வியாபாரம் உடனே மோப்பம் பிடித்தது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஐபிக்ஸ் என்ற நிறுவனம், மீன்கண் லென்ஸால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டே படம் எடுத்து அறை முழுவதையும் அடக்கிவிடலாம் என்றது. மீன்கண் லென்ஸ் 180 டிகிரிக்கும் மேலே பார்க்கும், படம் உருண்டையாக வரும். அதை நிமிர்த்தும் கணக்குக்கு அவர்களிடம் காப்புரிமை இருந்தது. ஒவ்வொரு படத்தையும் முடிக்க அவர்களிடம் காசு கட்டி ஒரு சாவி வாங்க வேண்டும். வீடு வீடாகப் படக்காரர்களை அனுப்பிச் சுற்றுப்படம் எடுத்துக்கொடுத்த பாம்பூ டாட் காம் என்ற இன்னொரு நிறுவனம் 2000இல் இவர்களோடு சேர்ந்தது. அமெரிக்காவில் வீடு விற்க வேண்டுமானால் எங்களிடம்தான் வர வேண்டும் என்ற நிலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு வாத்தியார் குறுக்கே வந்தார். ஜெர்மனியில் கருங்காட்டுப் பகுதியில் ஃபுர்ட்வாங்கன் என்ற சின்ன ஊர். அங்குள்ள கல்லூரிப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ், 1998இல் 'பனோரமா டூல்ஸ்' என்ற மென்பொருளை எழுதி இணையத்தில் இலவசமாக வைத்தார். சாதாரண லென்ஸ், மீன்கண் லென்ஸ், உருளை, கோளம், எதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் மாற்றும். ஐபிக்ஸ் செய்யும் வேலையை இதில் சாவி இல்லாமல் செய்யலாம். ஐபிக்ஸ் ஏற்கெனவே இன்னொரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு, 1998இல் ஜூரி பத்து லட்சம் டாலர் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தெம்பில் டெர்ஷையும் மிரட்டியது. தனி மனிதர், வக்கீலுக்கு எங்கே போவார்? கொஞ்ச காலத்தில் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் அவர் எழுதியதைப் பல நாட்டு ஆட்கள் எடுத்து வளர்த்தார்கள். ஹியூகின் போன்ற இலவச மென்பொருள்கள் அதன் வாரிசுகள். ஐபிக்ஸ் 2006இல் திவால் ஆனது. சாவி விற்றவர் போய்விட்டார், பூட்டைத் திறந்து வைத்தவரின் வேலை நிற்கிறது.

அதுவரை ஒட்ட வேண்டிய இடத்தை மனிதன்தான் காட்ட வேண்டியிருந்தது. இந்தப் படத்தில் இந்த ஜன்னல் மூலை, அந்தப் படத்தில் அதே மூலை என்று புள்ளி வைக்க வேண்டும். கனடாவின் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் லோ என்ற பேராசிரியர் 1999இல் ஒரு முறை கண்டுபிடித்தார். படத்தில் தனித்துத் தெரியும் புள்ளிகளைக் கம்ப்யூட்டரே தேடி, ஒவ்வொன்றின் சுற்றுப்புறத்தையும் 128 எண்களாகக் குறித்துக்கொள்ளும். படம் சாய்ந்தாலும் சிறிதானாலும் அந்த எண்கள் அதிகம் மாறா. அவருடைய மாணவர் மேத்யூ பிரவுன் 2003இல் இதை வைத்து, கலைத்துப் போட்ட ஒரு கட்டுப் படங்களில் எது எதோடு சேரும் என்று கம்ப்யூட்டரையே கண்டுபிடிக்க வைத்தார். ஒட்டுக் கோட்டை மறைக்கும் வித்தை அதற்கு முன்பே, 1983இல், பர்ட், ஏடல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதியது. பெரிய வெளிச்ச மாற்றங்களை அகலமாகவும், நுணுக்கமான கோடுகளைக் குறுகலாகவும் கலந்துவிட்டால் கண்ணுக்கு விளிம்பே தெரியாது. இரண்டும் சேர்ந்த அன்றுதான் எங்கள் மேலாளர் பார்த்த இரண்டாவது மின்கம்பம் காணாமல் போனது.

இன்று பையில் அடங்கும் கேமராவில் முன்னும் பின்னும் ஒவ்வொரு மீன்கண். பொத்தானை அழுத்தினால் முடிந்தது. தூரத்தையும் சேர்த்து அளந்து, தரைப்படமும் அளவும் போட்டுக்கொடுக்கும் மேட்டர்போர்ட் போன்றவை இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். மற்றவற்றில் எல்லாம் தெரியும், அளவு ஒன்று தெரியாது.

கணக்கு இதுதான். மிக அகலமான காட்சியைத் தட்டைத் திரையில் நேர்க்கோடு வளையாமல் காட்ட வேண்டுமானால், ஓரங்களை இழுத்தாக வேண்டும். 100 டிகிரி அகலம் காட்டினால், நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் இருப்பது ஏறக்குறைய 2.4 மடங்கு விரியும். யாரும் ஏமாற்றவில்லை, ஜியோமெட்ரி அப்படி. மூலையில் கேமராவை வைத்தால் பக்கத்துச் சுவர் ஓடுதளம் மாதிரி நீளும். இழுக்காமல் விட்டால் சுவர் வில்லாக வளையும். எந்த வாங்குபவனுக்கும் அது பிடிக்காது.

போன வருஷம் என் நண்பரின் மகன், நியூ ஜெர்சியில் இருப்பவன், சென்னைப் புறநகரில் மறுவிற்பனைக்கு வந்த ஒரு ஃபிளாட்டை இப்படித்தான் பார்த்துப் பிடித்துப் போனான். 1,180 சதுர அடி என்று போட்டிருந்தது. "அங்கிள், செகண்ட் பெட்ரூம்ல அம்மா கட்டிலும் பீரோவும் தாராளமா போடலாம்" என்றான். நண்பருக்கு முழங்கால் வலி, என்னைப் பார்த்துவரச் சொன்னார். டேப் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அறை 10 அடி 2 அங்குலத்துக்கு 9 அடி 4 அங்குலம். அலமாரிக்கு விட்ட இடம் அதற்குள்ளேயே. கார்ப்பெட் ஏரியா கூட்டிப் பார்த்தால் 830க்குக் கொஞ்சம் மேலே. புதுத் திட்டங்களுக்கு ரெரா சட்டம் 2016இலிருந்தே கார்ப்பெட் ஏரியாவைச் சொல்ல வேண்டும் என்கிறது. மறுவிற்பனை விளம்பரத்தில் யார் கேட்கிறார்கள்?

தரகர் மூலம் படம் எடுத்த தம்பியின் நம்பர் வாங்கிப் பேசினேன். நல்ல பையன், ஒளிக்காமல் சொன்னான். "சார், ஓனருங்க ரூம் பெருசா தெரியணும்னுதான் கேக்குறாங்க. ஜன்னலுக்கு மூணு எக்ஸ்போஷர் எடுத்துக் கலப்போம், இல்லேன்னா ரூம் இருட்டா வரும். கீழே ட்ரைபாட் தெரியற இடத்துல லோகோ ஒட்டிடுவோம்." ஒட்டுவதற்கு முந்தைய தனிப்படங்கள் இருக்கிறதா என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தான், மொத்தம் 18 படம். ஜன்னலுக்காகக் குறைந்த வெளிச்சத்தில் எடுத்ததில் வெளியே இருப்பது தெளிவாகத் தெரிந்தது. நாலடி தூரத்தில் பக்கத்து அடுக்ககத்தின் சுவர், அதில் மூன்று ஏசி பெட்டிகள். சுற்றுப்படத்தில் அந்த ஜன்னல் இளம் வெயில் அடிக்கிற மாதிரி வெறும் வெள்ளையாக இருந்தது. கூடத்தில் லோகோ ஒட்டியிருந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு டைல்ஸ் விரிசல். அது தற்செயலாகத்தான் இருக்கும், முக்காலியை எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும்.

18 படங்களையும், டேப் வைத்து எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதியும் மகனுக்கு அனுப்பினேன். அவன் இரண்டு நாள் யோசித்தான். ரயில் நிலையம் பக்கம், தண்ணீர் நன்றாக இருக்கிறது, மூன்றாவது மாடியானாலும் லிஃப்ட் இருக்கிறது. நண்பரும் நானும் உட்கார்ந்து பேசி மூன்று லட்சம் குறைத்தோம். வாங்கிவிட்டான். கட்டில் அந்த அறையில் போட்டாயிற்று, பீரோ கூடத்தில் நிற்கிறது.